மாமா பற்றவைத்ததும் நான் துளைத்ததும்

டிரில் மெஷின் கையில் கிடைத்த மனிதருக்கு இரக்கம் என்பதே இருக்காது. கத்தி வைத்திருப்பவர்கூடக் காய் தீர்ந்ததும் கீழே வைத்துவிடுவார். டிரில் வைத்திருப்பவர் அடுத்து எதில் துளை போடலாம் என்று வீடு முழுக்கக் கண்ணை ஓட்டிக்கொண்டே இருப்பார். என் இருபத்து நான்காம் வயதில் இரண்டு சனிக்கிழமைகள் நான் அந்த நிலையில் இருந்தேன். அதை எங்கள் குடும்பம் இன்றுவரை மறக்கவில்லை. என்னையும் மறக்க விடுவதில்லை.

அப்போது நான் மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. ஒவ்வொரு லென்ஸாக விளக்கொளியில் பிடித்து, கீறல், குமிழி, வெடிப்பு எதுவும் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். அதாவது, ஒரு பொருள் எங்கே உடையும் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். (கம்பெனிக்கு இந்தக் கதை தெரியாது. தெரியவும் வேண்டாம்.)

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலகாட் பக்கம் இருக்கும் சயனைடு மேடுகளுக்கு வெளியூரிலிருந்து மோட்டார் பைக் ஓட்ட ஆட்கள் வருவார்கள். எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன சாம்பல் நிற மண் அது. வருகிறவர்களில் பாதிப்பேர் புழுதி கிளப்பிக்கொண்டு பறப்பார்கள். ஒருநாள் ஒரே ஒருவர் மட்டும் ஓரமாக, சீட்டே இல்லாத வண்டியில் நின்ற வாக்கில், ஆள் நடப்பதைவிட மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். இடுப்பு உயரப் பாறை ஒன்று எதிரே வந்தது. சுற்றிக்கொண்டு போவார் என்று நினைத்தேன். வண்டியை ஒரு துள்ளு துள்ளவைத்து அதன் உச்சியில் போய் நின்றார். அங்கேயே மூச்சு வாங்கினார். பிறகு பூனை மாதிரி இறங்கினார்.

அன்றைக்கே நான் கெட்டுப்போனேன்.

அந்த விளையாட்டுக்கு டிரயல்ஸ் என்று பெயர். வேகத்துக்கு அதில் மரியாதையே கிடையாது. பாறை, மரக்கட்டை, பள்ளம் என்று நாடா கட்டிப் பாதை போட்டிருப்பார்கள். காலைத் தரையில் ஊன்றினால் ஒரு பாயிண்ட். விழுந்தால் ஐந்து. கடைசியில் யாருக்குப் பாயிண்ட் குறைவோ அவரே ஜெயித்தவர். பள்ளிக்கூடத்தில் குறைவாக வாங்கியே பழகியவள் என்பதால் எனக்கு இந்த விதி மிகவும் பிடித்துப்போனது.

வண்டிக்கு என்ன செய்வது? எங்கள் ஹெப்சி அக்காவின் வீட்டுக்காரர் தேவராஜ் மாமா ஊரிலேயே ஒரு தொழிற்சாலையில் வெல்டர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒரு நாளைக்கு மொத்தமாக நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். அவரிடம் போய்க் கைபேசியில் நாலு வீடியோ காட்டினேன். நாலையும் பொறுமையாகப் பார்த்தார். “செஞ்சுடலாம்” என்றார். அன்றைய கணக்கில் ஒரு வார்த்தை அது.

பக்கத்துத் தெருவில் கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த பழைய நூறு சிசி வண்டி ஒன்றை வாங்கி வந்தோம். ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் மாமா வேலையை ஆரம்பிப்பார். சீட்டு போனது. விளக்கு போனது. பெட்ரோல் டாங்கிக்குப் பதில் மொபெட்டின் சின்ன டாங்கி வந்தது. பாறையில் இடித்தால் எஞ்சின் உடையாமலிருக்க அடியில் ஒரு இரும்புத் தகடு. கால் வைக்க இரண்டு பக்கமும் தடித்த பட்டை. அவர் பற்றவைத்த இடங்களைப் பார்த்தால் மீன் செதில் வரிசை வைத்ததுபோல அவ்வளவு அழகாக இருக்கும். பெயிண்ட் அடிக்கவே எனக்கு மனசு வரவில்லை.

பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தோம். எண்பத்தாறு கிலோ. என் முகம் தொங்கிவிட்டது. வெளிநாட்டு டிரயல்ஸ் வண்டி எழுபதுகூட வராது. நானோ நாற்பத்தொன்பது கிலோ. வண்டியைத் துள்ளவைக்க வேண்டியவள் நான். ஆனால் நாங்கள் இருவரும் குஸ்திக்கு நின்றால் வண்டிதான் ஜெயிக்கும்.

“மாமா, இன்னும் பத்து கிலோ கொறைக்கணும்.”

“எங்கேர்ந்து?”

“கால் வெக்கற பட்டை இவ்ளோ தடிப்பு எதுக்கு? ஓட்டை போட்டா கொறையுமில்ல. வெளிநாட்டு வண்டியில எல்லாம் ஓட்டை ஓட்டையாத்தான் கீது.”

மாமா வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினார். நீளமாகப் பேசப்போகிறார் என்பதற்கு அது அடையாளம்.

“அது வேற மெட்டலு. எங்க போட்டா தாங்கும்னு கணக்கு பார்த்துப் போட்ட ஓட்டை. நம்முளுது சாதா இரும்பு. எது உன்னைத் தாங்கலியோ அதுல எவ்ளோ வேணா கொறைச்சுக்கோ. செயின் கவரு எடுத்துடு, ஸ்டாண்டு எடுத்துடு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். கால் வெக்கற எடமும் கை புடிக்கற எடமும் மட்டும் தொடாதே. தடால்னு மேலேர்ந்து எறங்கறப்போ உன் மொத்த வெயிட்டும் அங்கதான் வந்து ஒக்காரும்.”

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “காலையில அஞ்சு இட்லி துன்றாளே, அத மூணாக்கச் சொல்லுங்க. வண்டி தானா சுளுவாயிடும்.”

நான் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுக்கொண்டேன். இரண்டையும் செய்யவில்லை.

போட்டிக்குப் பதினைந்து நாள் இருந்தது. பெங்களூரிலிருந்து ஒரு சின்ன கிளப் எங்கள் மேட்டிலேயே நடத்தியது. அந்த இரண்டு சனிக்கிழமையும் மாமாவுக்கு ஷிப்ட். அவருடைய டிரில் மெஷின் கட்டிலுக்கடியில் இருந்தது. (அவருடைய வேலையைக் கெடுக்க அவருடைய மெஷினையே எடுத்தேன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.)

முதல் சனிக்கிழமை யோக்கியமாக ஆரம்பித்தேன். செயின் கவர், ஸ்டாண்டு, யாருக்கும் வேண்டாத ஏழெட்டு கிளிப்புகள். தராசு மூன்று கிலோ குறைத்துக் காட்டியது. அந்த மூன்று கிலோ என் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்த சனிக்கிழமை ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்த நாலு இரும்பு போல்ட்டைக் கழற்றிவிட்டு அலுமினிய போல்ட் போட்டேன். எஞ்சினுக்கடியில் இருந்த இரும்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, அக்காவின் பிரியாணி அண்டா மூடியை வெட்டி மடக்கி மாட்டினேன். கடைசியாகக் கால் வைக்கும் பட்டைகள். பக்கத்துக்கு நாலாக எட்டுத் துளை. என்ன அழகு என்கிறீர்கள்! புல்லாங்குழல் மாதிரி இருந்தது.

விழுந்த இரும்புத் தூளை எல்லாம் கூட்டி அள்ளிச் சமையல் தராசில் வைத்தேன். எட்டுத் துளைக்கும் சேர்த்து ஒரு சின்னத் தக்காளியின் எடை வந்தது. அந்தத் தருணத்தில் ஒரு மனுஷிக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமைதான் வந்தது. துளைகள் மாமாவின் கண்ணில் படாமலிருக்கக் கறுப்பு டேப் சுற்றினேன். வண்டி மேல் கோணி போட்டு மூடி, “பெயிண்ட் காயுது, யாரும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போகாமல் வருகிறோமே என்று அக்கா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். மேட்டுக்குப் போனால் அங்கே எனக்கு ஒரு அதிர்ச்சி. மாமாவோடு வேலை செய்யும் வெல்டர்கள் நாலு பேரும், அவர்களுக்கு மேலே இருக்கும் சார்ஜ்மேன் முனிரத்தினமும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். வாயே திறக்காத மாமா தொழிற்சாலையில் வாயைத் திறந்திருக்கிறார். “நம்ம வேலை ஒண்ணு ஞாயித்துக்கெழம பாறை ஏறப்போவுது” என்று சொன்னாராம். அவ்வளவுதான் சொன்னாராம். ஆனால் அவர் சொன்னதே பெரிய சேதி என்பதால் எல்லோரும் கிளம்பி வந்துவிட்டார்கள்.

பதினெட்டு பேர் ஓட்டினோம். பெண் நான் ஒருத்திதான். முதல் பாதையில் எனக்கு ஒரு பாயிண்ட்கூட விழவில்லை. வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. இரண்டாவது பாதையில் ஒரே ஒரு முறை கால் ஊன்றினேன். வெல்டர்கள் கை தட்டினார்கள். மாமா தட்டவில்லை, கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைவிடப் பெரிய கைதட்டல் கிடையாது. மாமா அநாவசியமாகப் பயந்தார், இயந்திரவியலில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் மனதுக்குள் ஒரு பட்டமளிப்பு விழாவே நடத்திக்கொண்டேன்.

மூன்றாவது பாதையில் இடுப்பு உயரப் பாறை. ஏறினேன். உச்சியில் நின்றேன். அன்று பார்த்தவர் நின்றமாதிரியே நின்று மூச்சு வாங்கினேன். பிறகு இறங்கினேன்.

முன்சக்கரம் தரையைத் தொட்டதும் வலது காலுக்கடியில் ‘டக்’ என்றது. பட்டை துளை வரிசையோடு, தபால்தலை கிழிவதுபோலக் கிழிந்தது. என் வலது கால் கீழே போய்க்கொண்டே இருந்தது. நான் முழு பலத்தோடு ஹேண்டில்பாரில் தொங்கினேன். அலுமினிய போல்ட்டுகள் நாலும் சொல்லிவைத்தாற்போல விட்டுக்கொடுத்தன. வண்டி இடது பக்கம் போய்ச் சாய்ந்தது. நான் வலது பக்கம், சாம்பல் நிறச் சேற்றுக் குட்டையில் உட்கார்ந்தேன். ஹேண்டில்பார் என் கையிலேயே இருந்தது. அதிலிருந்து கிளட்ச், பிரேக் கம்பிகள் வண்டிவரை நீண்டிருந்தன. கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தவள் நடுவில் களைத்து உட்கார்ந்ததுபோல இருந்திருப்பேன்.

பாதைக்குப் பொறுப்பான நடுவர் ஓடிவந்து ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். விழுந்தால் ஐந்து பாயிண்ட் என்று அர்த்தம். எனக்கென்னவோ பாஸ்டர் ஆசீர்வாதம் செய்வதுபோலத் தெரிந்தது.

கவிழ்ந்த வண்டியின் அடிப்பக்கம் வெயிலில் பளபளத்தது. கூட்டத்திலிருந்து அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“அது என் அண்டா மூடிதானே.”

மாமா வந்து சேற்றிலேயே முட்டி போட்டார். “கால மடக்கு. வெரல அசை” என்றார். அசைத்தேன். வலித்தது, ஆனால் அசைந்தது. அதற்குப் பிறகுதான் அவர் வண்டிப் பக்கம் திரும்பினார். சேற்றில் கிடந்த பட்டைத் துண்டை எடுத்தார். டேப் பிரிந்து தொங்கியது. உடைந்த விளிம்பில் அரை வட்டம் அரை வட்டமாகத் துளைகள். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நடுவர் கன்னடத்தில் கேட்டார்: “ஏனாயித்து? வெல்டிங் யாரு மாடித்து?”

என்ன ஆயிற்று, வெல்டிங் யார் செய்தது என்று கேட்கிறார். பின்னால் நாலு வெல்டர்களும் முனிரத்தினமும் வந்து நின்றுவிட்டார்கள். மாமா பட்டைத் துண்டைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கோணியை எடுத்து வண்டி மேல் போட்டார்.

“நான்தான் சார். வெல்டு வுட்டுடுச்சு.”

நான் வாயைத் திறந்தேன். ‘இல்லை, நான்தான்’ என்ற இரண்டு வார்த்தை அங்கே வரவேண்டும். வரவில்லை. இந்தக் கட்டுரையில் நான் செய்த முட்டாள்தனம் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். இந்த ஒரு இடத்தில் மட்டும் இன்னும் சிரிப்பு வருவதில்லை.

“இன்னா தேவராஜு, கண்ண மூடிக்கினு போட்டியா?” என்று ஒருவர் சிரித்தார். முனிரத்தினம் திரும்பி நடந்தார். அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

கணுக்கால் வீங்கியிருந்ததால் வேலைக்குப் போகாமல் மூன்று நாள் அக்கா வீட்டிலேயே படுத்திருந்தேன். மாமா வழக்கம்போல வந்தார், போனார். துளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக அழுதிருப்பேன்.

புதன்கிழமை மதியம் அக்கா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “வேலை செய்யற எடத்துல எல்லாரும் அவர கிண்டல் பண்றாங்களாம். பெரிய டாங்கி ஒண்ணு வந்துகீது, அதுக்கு வெல்டு போட அவரத்தான் சொல்லியிருந்தாங்க. இப்போ பாக்கலாம்னுட்டாங்களாம். பதினாலு வருசமா அவர் போட்ட ஜாயிண்ட்ட யாரும் ரெண்டாவது தபா பார்த்ததில்ல கிரேசு. நேத்துலேர்ந்து பாக்கறாங்க.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“இன்னா சொல்வாரு. பாக்கட்டும்னாரு.”

தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

மறுநாள் சின்ன லோடு வண்டி ஒன்றைப் பிடித்து, டிரைவரோடு சேர்ந்து என் வண்டியைத் தூக்கி ஏற்றினேன். இரண்டு மணி ஷிப்ட் விடும் நேரத்துக்குத் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே போய் நின்றேன். ஒரு காலில் செருப்பு, இன்னொன்றில் கட்டு. சங்கு ஊதியது. ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். முனிரத்தினம் வந்ததும் நொண்டிக்கொண்டே போய் வழியை மறித்தேன்.

“சார், ஒரு நிமிசம் வந்து இத பாருங்க.”

லோடு வண்டியில் கோணியை விலக்கினேன். அவர் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வண்டியின் சட்டத்தில் மாமா பற்றவைத்த இடம் அப்படியே இருந்தது; ஒரு செதில்கூட விடவில்லை. அதற்கு ஒரு விரற்கடை தள்ளித்தான் பட்டை கிழிந்திருந்தது. முனிரத்தினம் கட்டைவிரலால் அந்த வெல்டைச் சுற்றிலும் தடவினார். பிறகு துளைகளைத் தடவினார்.

“இத யாரு போட்டது?”

“நான்தான் சார்.”

“தேவராஜுக்குத் தெரியுமா?”

“போட்டப்போ தெரியாது. விழுந்தப்போ தெரியும்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்குள் எங்களைச் சுற்றி ஒரு ஷிப்ட்டே நின்றுகொண்டிருந்தது.

“எதுக்குப் போட்டே?”

“வெயிட்டு கொறைக்க.”

“எவ்ளோ கொறைஞ்சுது?”

பொய் சொல்லத் தெம்பில்லை. “ஒரு தக்காளி சார்” என்றேன்.

யாரோ ஒருவர் தாங்கமாட்டாமல் சிரித்தார். அது பரவி கேட்டில் நின்ற காவலாளிவரை போனது. என் காது இரண்டும் எரிந்தன. அப்போதுதான் கையில் டிபன் கேரியரோடு மாமா வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், லோடு வண்டியைப் பார்த்தார், திரும்பி உள்ளேயே போய்விடலாமா என்பதுபோல ஒரு கணம் நின்றார்.

“இங்க வா தேவராஜு” என்றார் முனிரத்தினம். “உன் வெல்டு உடையல. உன் மச்சினிச்சிதான் பட்டைய உடைச்சிருக்கா. திங்கக்கெழம டாங்கி வேலைய ஆரம்பி.”

வீடு திரும்பும்போது நானும் மாமாவும் லோடு வண்டியின் பின்னால், உடைந்த வண்டிக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். பாதி வழியில் கேட்டேன்.

“ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?”

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். “எனக்கு இன்னும் எவ்ளோ ஜாயிண்ட்டு போடவேண்டியது கீது. அதெல்லாம் பார்த்து நம்பறவங்க நம்பிப்பாங்க. உனக்கு அதான் மொத தபா. அத்தினி பேரும் உன்னப் பார்த்துச் சிரிச்சிருந்தா நீ மறுபடி வண்டிய தொட்டிருக்கமாட்டே.”

நான் அழ ஆரம்பித்தேன். அவர் பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டார். கைக்குட்டை தரப்போகிறார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போட்டுக்கொண்ட அந்தப் பட்டைத் துண்டு வெளியே வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு தக்காளிக்கா?” என்றார். தோள் குலுங்கியது. மாமா சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு நாங்கள் வண்டியை முறையாக இளைக்கவைத்தோம். சைலன்சரை மாற்றினோம், பின்சட்டத்தில் சீட்டைத் தாங்குவதற்காக இருந்த குழாய்களை, சீட்டே இல்லாதபோது அவை எதற்கு என்று வெட்டி எடுத்தோம். கால் பட்டை மட்டும் முன்னைவிடத் தடிப்பாக வந்தது. எண்பது கிலோவில் நின்றது. அடுத்த போட்டியில் நான் கடைசியிலிருந்து நாலாவதாக வந்தேன். வண்டியில் ஒன்றும் உடையவில்லை. அக்காவுக்குப் புது அண்டா மூடி வாங்கிக்கொடுத்தேன். அதை அவள் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஆனால் பேர் போகவில்லை. எங்கள் வீட்டில் உளுந்து வடை சுட்டால் அக்கா என் தட்டில் போடும்போது, “நீ சொன்ன மாதிரியே வெயிட்டு கொறைச்சுட்டேன்” என்பாள். சல்லடை, ஜல்லிக்கரண்டி, கொசுவலை எதைப் பார்த்தாலும் “கிரேஸ் கை வெச்சிட்டாளா?” என்று யாராவது கேட்பார்கள். தொழிற்சாலையிலும் அப்படித்தானாம்.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நடந்தது. தேவாலயம் நிறைய ஜனம். பாஸ்டர் மோதிரத்தைக் கையில் எடுத்து உயர்த்திப் பிடித்து ஜெபம் செய்தார். ஆமென் சொல்லி முடித்ததும் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாமா, தன் அன்றைய நாற்பது வார்த்தைகளில் சிலவற்றை அப்போதுதான் செலவழித்தார்.

“நடுவுல எம்மாம் பெரிய ஓட்டை கீது. இவ போட்டதா?”

மெதுவாகத்தான் சொன்னார். மூன்றாம் வரிசைவரை கேட்டது. ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. பாஸ்டர் கையில் மோதிரத்தோடு காத்திருக்கிறார். மாப்பிள்ளை பயந்துபோய் நிற்கிறார். நான் முக்காடு நழுவ, கடைவாய்ப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஓரத்தில் மாமா, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோலப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.